பஸ் ஏறிய ஆடும் என் வயிற்றெரிச்சலும்

சம்பளமே இல்லாமல் பகையை மட்டும் சம்பாதித்துத் தருகிற வேலை ஒன்று உண்டென்றால், அது இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை மதிப்பாய்வு செய்வதுதான். யாரோ மெனக்கெட்டு எழுதியதற்குக் கீழே "சான்று தேவை" என்று போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிற பிறவிகள் நாங்கள். நீங்களும் இந்தக் கூட்டத்தில் ஒருவரென்றால் என் பாடு உங்களுக்குப் புரியும். இல்லையென்றாலும், உங்களைவிட நன்றாக எழுதுகிற சிநேகிதி ஒருத்தி இருந்தால் போதும்.

விதியில் இல்லாத குற்றம்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் டீச்சர். ஆசிரியர் பயிற்சியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த செல்வி, குழந்தைகளுக்கு ஒரு படக்கதை எழுதினாள். பெயர் 'பஸ் ஏறிய ஆடு'. நானும் எழுதினேன், 'முந்திரித் தோப்பு முயல்'. அவள் ஆடு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போயிற்று. என் முயல் பெட்டி பெட்டியாக எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. முயலைப் பற்றி என் நாத்தனார் கலைக்களஞ்சியத்தில் ஆரம்பித்த கட்டுரையைக்கூட, "குறிப்பிடத்தக்கதல்ல" என்று யாரோ மறுநாளே தூக்கிவிட்டார்கள்.

இந்த நிலைமையில், அந்த ஆட்டைப் பற்றிய கட்டுரை முதற்பக்கத்தில் இடம் கேட்டு மதிப்பாய்வு வரிசையில் வந்து நின்றது. மதிப்பாய்வாளர் ஒப்புக்கொண்டால்தான் முதற்பக்கம். பாய்ந்து எடுத்துக்கொண்டேன். சொந்தக்காரர் பார்க்கக் கூடாது, பதிப்பாளர் பார்க்கக் கூடாது, காசு வாங்கியவர் பார்க்கக் கூடாது என்றெல்லாம் விதி உண்டு. வயிற்றெரிச்சல்காரி பார்க்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் கலைக்களஞ்சிய நிர்வாகிக்குப் போன் போட்டு, புத்தகம் எழுதியவளை எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவர் சொன்னார்: "தெரிஞ்சா பரவால்லங்க. அவங்க நல்லா இருக்கணும்னு நெனக்கிற ஆளா இருந்தாத்தான் பிரச்சினை."

பக்கம் எங்கே?

கட்டுரையை எழுதியவர் ஆலங்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஆரோக்கியசாமி. அவர் மகள் தினமும் அந்த ஆட்டுக் கதையைச் சொல்லச் சொல்லி உயிரை எடுக்கிறாளாம். முதற்பக்கத்தில் வந்தால் அவளுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். 'ஆடு டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்கிறது' என்று கதைச்சுருக்கத்தில் எழுதியிருந்தார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். குழந்தைகள் புத்தகத்தில் பெரும்பாலும் பக்க எண் இருக்காது என்று தெரிந்துதான் கேட்டேன். மனிதர் கோபப்படவில்லை. சாயங்காலமே போன் செய்தார்.

"அட்டையிலேர்ந்து ஒவ்வொரு பக்கமா எண்ணிப் போட்டுட்டேன் டீச்சர். ஒங்க கையில இருக்குற புத்தகத்துலயும் அப்படித்தான இருக்கு?"

படித்துத் தொலைத்தது

என் கையில் புத்தகமே இல்லை. செல்வி எழுதியதைப் படிப்பதில்லை என்று ஒரு வைராக்கியம். இனி தப்பிக்க வழியில்லாமல், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இழுத்துப் பறித்துக்கொண்டிருந்த பள்ளிப் பிரதியை வாங்கிப் படித்தேன். சந்தையில் விலைபோன ஆடு, வாங்கியவர் டீ குடிக்கிற நேரத்தில் நைசாகப் பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்புகிறது. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்கிறார். அது அவர் கையிலிருந்த டிக்கெட் கட்டையே தின்றுவிடுகிறது. அந்தப் படத்தைப் பார்த்ததும் என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன்.

அசட்டுப் புத்தகமாக இருந்திருந்தால் அன்றைக்கே பெருந்தன்மையாக ஒப்புதல் கொடுத்திருப்பேன். நன்றாக இருந்து தொலைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. முகத்தைச் சரிசெய்துகொண்டு, இது பிடிக்குமா, டீச்சருடைய முயல் பிடிக்குமா என்று முன்பெஞ்சுப் பிள்ளையைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "ஒங்க புத்தகத்துல எல்லாரும் நல்லது சொல்லிக்கிட்டே இருக்காங்க டீச்சர். யாருமே எதையும் திங்க மாட்டேங்குறாங்க."

நடுநிலை

அடுத்த அம்பை எடுத்தேன். கட்டுரையில் எல்லாமே பாராட்டாக இருக்கிறது, நடுநிலை வேண்டாமா, பாதகமான விமர்சனம் ஒன்றாவது சேர்க்க வேண்டும் என்று எழுதினேன். ஆரோக்கியசாமி கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் புதுக்கோட்டை நூலகத்தில் போய் உட்கார்ந்து பழைய இதழ்களை எல்லாம் புரட்டியிருக்கிறார். அப்படியும் குறை கிடைக்காமல், களைத்த குரலில் கூப்பிட்டார்: "இந்தப் புத்தகத்தக் குறை சொல்லி யாருமே எழுதல டீச்சர். நீங்க எங்கயாச்சும் எழுதியிருந்தா சொல்லுங்க, அதையே சேத்துர்றேன்."

வீட்டுக்குள் ஒரு நீதிபதி

ஓவியரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது என்று அடுத்த கேள்வியைத் தட்டிக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார். "ஒரு ஆட்டுக்கு இம்புட்டு விசாரணையா? கொலக் கேசுலகூட இம்புட்டு கேக்க மாட்டாங்க."

ஒப்புதல்

கடைசியில் கேள்வி தீர்ந்துபோயிற்று. நோஞ்சானாக வந்த கட்டுரை, நான் கேட்டுக் கேட்டே கொழுத்துவிட்டது. பக்கங்களுக்கு எண், ஓவியருக்குத் தனிப் பகுதி, வரிக்கு வரி சான்று. அப்போதும் மறுக்க எனக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மறுத்தால் காரணம் எழுத வேண்டும். என்னிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது, அதை ஊரறிய எழுத முடியாது. ஒப்புதல் கொடுத்தேன். ஆடு முதற்பக்கம் ஏறியது. ஆரோக்கியசாமியின் மகள் கைதட்டுகிற வீடியோ வந்தது. அது சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். எரிச்சலும் அப்படியேதான் இருந்தது.

பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதிருந்த செல்வி போனில் கூப்பிட்டாள். மதிப்பாய்வுப் பக்கத்தில் என் கேள்விகளை ஒன்றுவிடாமல் படித்திருக்கிறாள். அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "அடுத்த புத்தகம் அச்சுக்குப் போறதுக்கு முந்தி நீ ஒரு தடவ பாத்துரு. என்மேல பாசமா இருக்குறவங்க எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னே சொல்லிக் கெடுக்குறாங்கடி."

ஆக, உங்கள் வேலை சுத்தமாக நடக்க வேண்டுமென்றால் உங்களைப் பார்த்துப் பொருமுகிறவளிடம் கொடுங்கள், கூலியில்லாமல் செய்துகொடுத்துவிட்டுப் போய்த் தனியாகப் பொருமிக்கொள்வாள்.