வாட்டர் சர்வீஸ் குதிரை

"கழுவுனா நோவு வருமா? இதையா உனக்கு காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க?"

அப்பா கேட்டது. அவர் கையில் தண்ணீர் பீய்ச்சும் கன். எதிரே எங்கள் வெள்ளைக் குதிரை மூன்று காலில் நின்றது. நான்காவதைத் தரையில் வைக்க அதற்கு மனமில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கால்நடை மருத்துவமும் முடித்துவிட்டேன். இதைத் தன்னடக்கத்தோடு சொல்லும் பழக்கம் எனக்கில்லை. அப்பாவுக்கு மொரப்பூர் ரோட்டில் வாட்டர் சர்வீஸ். லாரி, டிராக்டர், பைக், எது வந்தாலும் பளபளவென்று திருப்பி அனுப்புவார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட வாங்கிய குதிரையையும் கடைக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் கட்டி, காலையும் மாலையும் குளம்பு வரை பீய்ச்சினார். ஜில்லாவிலேயே சுத்தமான குதிரை எங்களுடையதுதான். காலில் அழுகலும் அதற்குத்தான்.

நொண்ட ஆரம்பித்ததும், கண் பட்டுவிட்டது என்று கறுப்புக் கயிறு கட்டினார். நொண்டல் கூடியது, இன்னொரு கயிறு கட்டினார். பிறகு தரகருக்கு போன் போட்டார். மாதக் கடைசியில் வந்து ஓட்டிப்போவதாகப் பேச்சு. நொண்டிக் குதிரை அங்கிருந்து எங்கே போகும் என்று அப்பா கேட்கவில்லை. எனக்குத் தெரியும், அதனால் நானும் கேட்கவில்லை.

காலைத் தூக்கிப் பார்த்தேன். குளம்பின் அடியில் முக்கோணமாக ஒரு மெத்தை இருக்கும். அதன் இரண்டு பக்கப் பள்ளத்திலும் கறுப்புக் கூழ். செத்த எலி சாக்கடையில் ஊறினால் வரும் நாற்றம். குளம்பு நோண்டும் கொக்கியால் கொஞ்சம் சுரண்டி அப்பாவிடம் நீட்டினேன்.

"மோந்து பாருங்கப்பா."

"எடு அந்தப் பக்கம். மனுசன் சோறு திங்க வேணாமா?"

"ஈரம் காயாம நின்னா கிருமி உள்ள பூந்துக்குது. அந்த நாத்தந்தான் இது."

"எருமை நாளெல்லாம் தண்ணியில நிக்கலையா?"

"எருமை மேல மாப்பிள்ளைய ஏத்தறதில்லீங்க."

"சில மாப்பிள்ளைக்கு அது போதும்," என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

செத்த பகுதியை வெட்டியெடுத்து, அயோடின் விட்டுத் தேய்த்து, துணியால் ஒற்றி, மருந்துப் பஞ்சைப் பள்ளத்துக்குள் திணித்தேன். மறுநாள் காலை குளம்பு சொட்டிக்கொண்டிருந்தது. பஞ்சு சாக்கடையில் மிதந்தது.

"கறையாட்டம் இருந்துது பாப்பா. அதான் லேசா அடிச்சுவுட்டேன்."

கோபத்தில் பரீட்சைக்குப் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே ஒரு பைக்குக்கு நுரை போட்டார். கடைசியில் அந்த பைக்கையே காட்டிக் கேட்டேன்.

"இதை இப்படியே ஈரத்தோட குடுத்துருவீங்களா?"

"செயின் துருப் புடிச்சுராது? காத்து அடிச்சுத்தான் குடுப்பேன்."

சொன்னவர் குதிரையின் காலைப் பார்த்தார். போய்க் காற்று ஹோஸை இழுத்து வந்தார். கம்ப்ரெசர் சத்தத்துக்கு மிரண்டு குதிரை ஷாம்பு டிரம்மை உதைத்து உருட்டியது. ரோடு வரை நுரை.

அதன் பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டோம். தினமும் குளம்பைச் சுரண்டி மருந்து வைப்பது நான், பழைய வேட்டியால் துடைப்பது அவர். சிமெண்டுத் தரையில் காய்ந்த மரத்தூளைப் பரப்பினோம். லத்தி விழுந்தால் உடனே அள்ளினோம். நாற்றம் முதலில் போயிற்று, நொண்டல் மெதுவாகப் போயிற்று.

மாதக் கடைசியில் தரகர் கயிற்றோடு வந்தார். குதிரையை நடத்திக் காட்டினேன். கூட நடந்த அப்பாவைவிட நேராகவே நடந்தது. ஆனாலும் அப்பா பேச்சை இழுத்தார்.

"இப்ப சரி பாப்பா. மழை புடிச்சா மறுபடியும் இதே கூத்துதான? அப்ப என்ன பண்ணுவ?"

இருவரையும் வீட்டுக்குப் பின்பக்கம் கூட்டிப்போனேன். முந்தின நாள் அப்பா கம்பைநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில், அங்கிருந்த மேட்டில் கிராவல் கொட்டி, மேலே தகரம் போட்டு, குதிரையைக் கட்ட முளையும் அடித்து வைத்திருந்தேன். தரகர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டினார். அப்பா மட்டும் திரும்பிக் கடைப்பக்கம் பார்த்தார். அவர் எதைக் கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

ஹோஸ் அங்கே எட்டாது. இழுத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் முளையடித்தேன்.