பிரேக் இல்லாத மிஷினை விற்க மாட்டேன்

மரம் அறுக்கும் மிஷின் விற்கிற தொழிலில் மிஷினைப் பற்றிப் பேசுவது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் "புதுசு வாங்கட்டுமா, பழசு போதுமா" என்று கேட்டுவிட்டு, நாம் சொல்லும் பதிலை நம்பாமல் நிற்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். கடையில் நாள் முழுக்க நின்று கால் கடுத்தவர்களே, மிக்சி விற்றாலும் சரி, பைக் விற்றாலும் சரி, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் பெயர் ஜெசிந்தா. கடை ஆம்பூர் பைபாஸ் ஓரம். அதற்கு முன்னால் ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். அதே கம்பெனியில் தையல் மிஷின்களைப் பழுது பார்த்தவர் இம்ரான் பாய். ஆர்டர் குறைந்து எங்கள் லைனை மூடியபோது, இன்னொரு கம்பெனி கேட்டில் போய் நிற்க எங்கள் இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை. சுற்றுவட்டாரத்தில் தென்னந்தோப்பு, மாந்தோப்பு, ஏரிக்கு ஏரி சீமைக்கருவேலம். பிரியாணிக் கடைகளுக்கு வேறு விறகு போயாக வேண்டும். மிஷின் பழுதானால் எல்லோரும் அதைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். சேர்ந்து கடை போட்டோம். விற்பது நான், ரிப்பேர் பாய். ஒரு பக்க ஷெல்ஃபில் கம்பெனியிலிருந்து வந்த புதுசு, எதிர்ப்பக்கம் பாய் பிரித்துக் கோத்த பழசு. என் வீட்டுக்காரர் வேலூரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறவர். கடை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. "விரலெல்லாம் இருக்குதான்னு பாத்துட்டு பஸ் ஏறு" என்று மட்டும் சொன்னார்.

ஆலங்காயத்துப் பெரியவர்

ஆலங்காயத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மாந்தோப்பு வைத்திருப்பவர். காய்ந்த மரங்களை எடுக்க மிஷின் வேண்டும், ஆனால் என்னிடம் பேச அவருக்கு விருப்பமில்லை. கடையில் யாரும் இல்லையா என்று கேட்டார். நான் இருக்கிறேனே என்றேன். அதைக் காதில் வாங்காமல் பின்னால் எட்டிப் பார்த்து, பாயைக் கூப்பிட்டார். பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, விற்பனைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, சிஸ்டரைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் ஒரு பழைய மிஷினை எடுத்துத் தரையில் வைத்து, பின்கைப்பிடிக்குள் கால் முனையை நுழைத்து அழுத்திக்கொண்டு, கயிற்றை முதலில் மெதுவாக இழுத்துக் காட்டினேன். இழுக்கும்போது எதிர்த்து நிற்க வேண்டும், வழவழவென்று வந்தால் இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் சைலன்ஸரைக் கழற்றி, ஓட்டை வழியாக பிஸ்டனைப் பார்க்கச் சொன்னேன். கோடு விழுந்திருந்தால் ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோலில் ஓட்டியிருக்கிறார்கள், அதை வாங்கவே கூடாது. இது சுத்தமாக இருந்தது. வருஷத்துக்குச் சில வாரம் மட்டும் வேலை செய்கிறவருக்கு நல்ல நிலையில் இருக்கும் பழசே போதும் என்றேன். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஒருமுறை ஓட்டைக்குள் பார்த்தார்.

"சரிம்மா, இதையே கட்டிக் குடு. ஆனா ஊர்ல கேட்டா பாய்தான் பாத்துக் குடுத்தாருன்னு சொல்லுவேன், நீ தப்பா நெனைக்கக் கூடாது."

கம்பெனிக்காரர் வந்த அன்று

புது மிஷின் அனுப்புகிற கம்பெனியின் விற்பனை அதிகாரி மாதத்துக்கு ஒருமுறை வருவார். இஸ்திரி கலையாத சட்டை, நல்ல மனுஷன், ஆனால் அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். அவர் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வந்தார். இருப்பதிலேயே பெரிய மிஷின், புதுசு, இப்போதே வேண்டும் என்றார். எதற்கு என்றேன். வீட்டுக்குப் பின்னால் இரண்டு முருங்கை, ஒரு வேப்பமரம், கிளை வெட்ட வேண்டுமாம்.

அந்த மிஷினை அவரால் இடுப்பு உயரத்துக்குக்கூட நிதானமாகத் தூக்க முடியாது. முருங்கைக்கு அரிவாள் போதும் சார், வேப்பமரத்துக்கு ஒரு நாள் ஆளைக் கூப்பிடுங்கள், நானே நம்பர் தருகிறேன் என்றேன். ஹெட்மாஸ்டருக்கு முகம் சுருங்கிப்போனது. இருந்தாலும் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் அதிகாரி ஆரம்பித்தார். எதிர் ஷெல்ஃபில் பழசு இருக்கிறவரை புதுசு நகராது, அதை எடுத்துவிடுங்கள், மேலிடத்தில் உங்கள் கடையைப் பற்றிக் கேள்வி வருகிறது என்றார். கடை என்னுடையது, ஷெல்ஃபும் என்னுடையது என்றேன். தினமும் அறுக்கிறவனுக்குப் புதுசைத்தான் கொடுக்கிறேன், முருங்கைக்காரருக்குக் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டபோதுதான் கேட்டார்.

"மேடம், நீங்க மிஷின் கடை நடத்துறீங்களா, இல்ல மிஷன் நடத்துறீங்களா?"

ஏகாம்பரத்தின் ஆர்டர்

ஏகாம்பரம் விறகு கான்ட்ராக்டர். எங்கள் கடையில் அதிகம் வாங்கியவர் அவர்தான். காவேரிப்பாக்கம் பக்கம் ஏரியில் கருவேலம் எடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது, ஆட்களுக்குப் பழைய மிஷினாகக் கொடு, விலை கம்மியாக இருக்கட்டும் என்று வந்தார். பாய் சரிசெய்து வைத்திருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டார். அதுவும் போதவில்லை. மூலையில் ஸ்பேருக்காகப் போட்டு வைத்திருந்த மிஷின்கள் பக்கம் போய், இதையும் ஸ்டார்ட் செய்து கொடு என்றார்.

அவை எல்லாமே செயின் பிரேக் போனவை. முன்கைப்பிடிக்கு மேலே ஒரு தடுப்பு இருக்கும். அறுக்கும்போது மிஷின் துள்ளி முகத்துக்கு வந்தால் கை அதில் பட்டு, செயின் அந்த நொடியே நின்றுவிடும். அது இல்லாவிட்டால் செயின் நிற்காது, அவ்வளவுதான். பிரேக்குக்கு சாமான் வரவழைத்துப் போட்டுத் தருகிறேன், ஒரு வாரம் பொறுங்கள் அண்ணா என்றேன். அவருக்குப் பொறுமையில்லை. எங்கள் ஆட்கள் பிரேக்கெல்லாம் பார்த்து வேலை செய்கிறவர்கள் இல்லை, இடைஞ்சல் என்று அவர்களே கழற்றிப் போட்டுவிடுவார்கள் என்றார். அவர்கள் கழற்றினால் அவர்கள் பாடு, என் கடையிலிருந்து அப்படி ஒரு மிஷின் வெளியே போகாது என்றேன். அப்படியானால் எதுவுமே வேண்டாம் என்று, எடுத்து வைத்ததையும் தள்ளிவிட்டார். பாய் பட்டறையிலிருந்து எழுந்து வந்தார். சமாதானம் பேசத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மூலையில் கிடந்தவற்றின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக இன்ஜினைத் தனியே கழற்றிப் போட ஆரம்பித்தார். ஏகாம்பரம் வாசல்வரை போய்த் திரும்பினார்.

"ரெண்டு பேருக்கும் இன்னா திமிரு. இந்தக் கடை எத்தனை நாளைக்கு ஓடுதுன்னு பாக்கறேன்."

அமுதா இழுத்த கயிறு

நிஜமாகவே கடை காற்று வாங்கியது. ஏகாம்பரம் போனதோடு, அவரைப் பார்த்து வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள். பாய் தினமும் துடைத்த மிஷினையே துடைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் கோபி வந்தான். ஏகாம்பரத்திடம் மரம் அறுத்தவன், எங்கள் கடைக்கு செயின் தீட்ட வருவான். கூட அவன் மனைவி அமுதா. கோபியின் இடது தோளிலிருந்து கழுத்து வரைக்கும் தையல் போட்ட தழும்பு. ஏகாம்பரம் எங்கேயோ வாங்கிக் கொடுத்த மிஷின், பிரேக்கைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்ததாம். கருவேலத்தின் அடிமரத்தில் முனை பட்டுத் துள்ளியிருக்கிறது. வேலூர் ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். இனி யாருடைய மிஷினையும் தொட மாட்டேன், சொந்தமாக ஒன்று வேண்டும் என்றான். நான் விற்க மறுத்தது அவன் கைக்கு வேறு வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறதே என்று நெஞ்சு எரிந்தது.

தினமும் அறுக்கிறவன், அதனால் புதுசுதான் என்று புது மிஷினை இறக்கி வைத்தேன். கோபி குனிந்து கயிற்றைப் பிடித்தான். இழுக்கவில்லை. விட்டுவிட்டு நிமிர்ந்தான். அமுதா அவனை நகர்த்திவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கத்தில் இருந்த பழைய மிஷினுக்கு வந்தாள். எப்படி மிதிக்க வேண்டும் என்று கேட்டாள். காட்டினேன். முதல் இழுப்பில் வரவில்லை, அடுத்ததில் வந்தது. தடுப்பை முன்னால் தள்ளச் சொன்னேன், தள்ளினாள், செயின் பட்டென்று நின்றது. மறுபடி ஓடவிட்டு மறுபடி தள்ளினாள். கோபியைப் பார்க்கச் சொல்லி இன்னும் ஒருமுறை. பிறகு அவன் கையைப் பிடித்து அந்தத் தடுப்பின் மேல் வைத்தாள். அவன் தள்ளினான். நின்றது.

புதுசுதான் நல்லது, தவணையில் தருகிறேன் என்று நான் இன்னொரு முறை சொன்னேன். அமுதா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

"புதுசுன்னா இவரு பொத்திப் பொத்தி வீட்ல வெச்சிருவாரு, அக்கா. இது ஏற்கெனவே அடிபட்டு எழுந்திரிச்சது, இதைத்தான் தைரியமா தொடுவாரு."

ரோட்டில் விழுந்த புளியமரம்

மழைக்காலத்தில் ஒரு காலை, மூன்று இடத்தில் புளியமரம் ரோட்டில் சாய்ந்து கிடந்தது. அப்புறப்படுத்தும் வேலை ஏகாம்பரத்திடம் வந்தது. அவருடைய மிஷின்களோ பாதி ஓடவில்லை. ஒரு டெம்போ நிறையப் போட்டுக்கொண்டு, ஆட்களோடு எங்கள் கடைக்கே வந்து இறங்கினார். வேறு இடத்துக்குப் போக ரோடு இல்லை.

பாய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடைத்த ஃபில்டர், தேய்ந்த செயின், எல்லாம் சீக்கிரம் முடிகிற வேலை. ஆனால் எதிலும் பிரேக் இல்லை. சாமான் இப்போது எங்களிடம் இருந்தது. பிரேக் போட்டால்தான் மிஷின் வெளியே வரும் என்றேன். ஏகாம்பரம் கத்தினார். ஆம்புலன்ஸ் நிற்கிறது, உனக்கு மனசாட்சி இல்லையா என்றார். ஒரு மிஷினுக்கு டீ குடிக்கிற நேரம்தான் ஆகும், கத்துகிற நேரத்தில் ஒன்று முடிந்திருக்கும் என்றேன். உள்ளே பயமாகத்தான் இருந்தது. ரோட்டை அடைத்தவள் என்று ஊரே என்னைச் சொல்லலாம். அதனால் கடையிலிருந்த இரண்டு புது மிஷினைப் பெட்டியைப் பிரித்து, பெட்ரோலும் ஆயிலும் ஊற்றி, முதலில் போகிறவர்கள் எடுத்துக்கொண்டு போங்கள், வாடகைகூட வேண்டாம் என்று கொடுத்தேன். ஆம்புலன்ஸ் நின்ற இடத்துக்கு அந்த இரண்டு மிஷினோடு நான்கு பேர் ஓடினார்கள். மற்றவர்களின் மிஷின்களில் பாய் பிரேக்கை மாட்டிக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் டெம்போ மேல் சாய்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுகிற மிஷினை வைத்திருந்தவர்கள் கிளம்பியபோது, அவர்களில் ஒருவன் மட்டும் கிளம்பாமல் நின்றான். என் பக்கம் வராமல், முதலாளியிடமே தணிந்த குரலில் சொன்னான்.

"அண்ணா, என்னோடது ஓடுது. ஆனா இதுக்கும் அதைப் போடச் சொல்லுங்க."

ஏகாம்பரம் இப்போதும் என்னைத் திட்டிக்கொண்டேதான் வருகிறார், மற்றவர்களும் அப்படியே. இந்தத் தொழிலில் நான் சேர்த்து வைத்திருக்கும் சொத்து, வாயில் வசவும் கையில் மிஷினுமாக வந்து நிற்கிற இந்த வாடிக்கையாளர்கள்தான்.