ரெண்டே பேர் உட்காரும் கார்

வெயிலில் காய்ந்த தோல் சீட்டும் பெட்ரோலும் கலந்த ஒரு வாசம்... இன்றைக்கும் எங்காவது அது மூக்கில் பட்டால் எனக்கு இருபது வயது.

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி நாலு மாதம். திண்டுக்கல் நாகல் நகரில் மாமனார் வீடு. மாமா புகையிலை மண்டி வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் இவருக்கும் அங்கேதான் வேலை.

வீட்டில் பதினாலு பேர். அந்தக் கூட்டத்தில் நானும் இவரும் தனியாகப் பேசிய பேச்சை விரல் விட்டு எண்ணிவிடலாம். "தண்ணி கொண்டா", "கதவச் சாத்திரு"... அவ்வளவுதான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுகூட இல்லை. "இந்தா"தான்.

அப்போது மாமா ஒரு கார் வாங்க முடிவு செய்தார். கொடைக்கானலில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் நாட்டுக்குக் கிளம்பும்போது விட்டுப்போன இரண்டு கார்கள், நத்தம் ரோட்டில் ஒரு ஒர்க் ஷாப்பில் விலைக்கு நின்றன.

"கறுப்பு வண்டிய ஓட்டிப் பாத்து முடிச்சிட்டு வாப்பா. நாலு கதவு, குடும்பத்தோட போகலாம்" என்று இவரிடம் சொல்லியிருந்தார்.

நத்தத்தில் என் சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது, இவர் என்னையும் அந்த ஒர்க் ஷாப் வாசலில் இறக்கினார்.

முதலில் கறுப்பு வண்டி. மெத்தென்று போனது. குலுக்கல் இல்லை, சத்தம் இல்லை. இவர் முகத்திலும் ஒன்றும் இல்லை... மண்டியில் மூட்டை நிறுக்கிற அதே முகம்.

இன்னொன்று பாட்டில் பச்சை. ரெண்டே சீட்டு. கூரைக்குப் பதில் மடக்குத் துணி. தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. மெக்கானிக் அண்ணன், "வாங்க வேணாம் மொதலாளி... சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க" என்றார்.

போனோம்.

ரோட்டின் இருபுறமும் புளியமரங்கள். நிழல், வெயில், நிழல், வெயில் என்று முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. என் கொண்டை அவிழ்ந்துவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் இவர் கியரை மாற்ற, வண்டி கூப்பிட்ட குரலுக்குத் திரும்புவதுபோலத் திரும்பியது. பக்கத்தில் நான் இருப்பதே இவருக்கு மறந்துபோனது. திடீரென்று சிரித்தார். இவருக்கு ஒரு தெத்துப்பல் உண்டு என்பதை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு மரத்தடியில் நிறுத்தினார்.

"தெய்வான..."

நாலு மாதத்தில் முதல் தடவை.

"அப்பா சொல்றது நியாயம். அது ஆள ஏத்திக்கிட்டுப் போற வண்டி. இது ஓட்டுற வண்டி. ஆனா ரெண்டு பேருக்கு மேல எடமில்ல. நீ எதச் சொல்ற?"

அந்த வீட்டில் இன்றைக்குச் சோற்றுக்கு என்ன வெஞ்சனம் வைக்கலாம் என்றுகூட என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"ரெண்டு பேருக்கு மேல எடமில்லங்கிறதுதேன் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றேன்.

இவர் காது சிவந்துபோனது. விலை பேசி முடிக்க வண்டியை ஒர்க் ஷாப்புக்கே திருப்பினார்.

பச்சை வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றபோது மாமா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதுல உங்க ஆத்தா எங்க உக்காருவா?"

அதோடு சரி. அதன்பிறகு இவரிடம் பேசவில்லை. நாலு வாரம்... மண்டியில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, வேலையாளிடம் சொல்லித்தான் மகனுக்குச் சேதி சொல்வார். இவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார். நான் சொல்லித்தான் எடுத்ததாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு ஒரு மணி நேரம் அந்தக் கார் கிடைக்கும். அப்போது ஒருநாள், "நான் சொன்னேன்னு மாமாகிட்டச் சொல்லிருங்க" என்றேன்.

"ஆசப்பட்டது நான். நீ பேசாம இரு."

என்னால் இருக்க முடியவில்லை. மறுநாள் மாமாவுக்குச் சோறு போடும்போது சொல்லிவிட்டேன்.

"மாமா... அந்த வண்டிய எடுக்கச் சொன்னது நான்தேன்."

"நீயா?"

"ஆமா மாமா. வீட்டுல நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிற நேரமே வாய்க்கல."

அடுப்படியில் அத்தையின் பாத்திரச் சத்தம் நின்றது. மாமா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, என்னைப் பார்த்து, "மோர் நல்லாருந்துச்சு ஆத்தா" என்றார்.

அடுத்த நாள் காலையில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு என் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"ஏலே, எடு வண்டிய. சிறுமலை அடிவாரம் வரைக்கும் போயிட்டு வருவோம்."

திரும்பி வரும்போது தலையில் துண்டு இல்லை. காற்றில் போய்விட்டதாம். முகமெல்லாம் புழுதி. அப்பாவும் மகனும் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் வாரம் தவறாமல் அவரும் கிளம்பினார். எனக்குத்தான் போட்டிக்கு ஆள் வந்துவிட்டது. அடுத்த வருடம் நாலு கதவு வண்டி ஒன்றும் வீட்டுக்கு வந்தது. அத்தை அதில் முன்சீட்டை யாருக்கும் கொடுக்கவில்லை.

பெரியவனுக்குப் பின் சின்னவளும் பிறந்த பிறகு பச்சை வண்டியில் என் மடி போதவில்லை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். இவர் அன்று மண்டிக்குப் போகவில்லை.

இப்போது மகனிடம் இருப்பது ஏழு பேர் போகிற ஏசி கார். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளிச்சத்தம் ஒன்றும் கேட்காது. சொகுசுதான், குறை சொல்லக் கூடாது. என்னையும் இவரையும் நடு வரிசையில் ஆளுக்கொரு ஜன்னலாக உட்கார வைப்பார்கள். நடுவில் மருந்துப் பை, தண்ணீர் பாட்டில், பேரனின் தலையணை...

போன வாரம் நத்தத்தில் ஒரு கல்யாணம். ரோட்டை அகலப்படுத்தி, புளியமரங்களை வெட்டிவிட்டார்கள். இவர் அந்தப் பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் இந்தப் பக்கம். செத்த நேரம் பொறுத்தேன். அப்புறம் பையையும் தலையணையையும் எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு, நகர்ந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மகன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஏசி அதிகமா இருக்கா?" என்றான்.

"இல்லப்பா... நீ ஓட்டு" என்றேன்.