முகம் திருத்துகிறவன்

என் தம்பிக்கு ஸ்டுடியோவில் முகம் திருத்துகிற வேலை. படம் எடுப்பது முதலாளி. கம்ப்யூட்டரில் பருவை அழித்து, கன்னத்தைக் குறைத்து, நிறத்தைக் கூட்டுவது இவன். இருபது வருடம் ஒரே நாற்காலி. அங்கே அவன் பெயர் 'டச்சப்பு'.

"டச்சப்பு, இந்த மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் முடி குடுய்யா, புண்ணியமாப் போகும்" என்பார் முதலாளி.

தம்பி மகளுக்குப் பதினான்கு வயதில் பள்ளி அடையாள அட்டைக்குப் படம் வேண்டியிருந்தது. கைப்பழக்கம். யாரும் கேட்காமலே பருக்களைத் துடைத்தான், தாடையை ஒடுக்கினான், நிறத்தை ஏற்றினான். வீட்டுக்கு வந்து பெருமையாக நீட்டினான்.

"இது யாருப்பா?"

"நீதான் கண்ணு. ஜம்முனு இருக்கே பாரு!"

"அப்போ நான்?"

அவன் சிரித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன்.

பள்ளியில், "உங்க அக்கா படத்தை ஒட்டிட்டியாடி?" என்று கேட்டார்களாம். அவளுக்கு அக்கா கிடையாது. கண்ணாடி பார்ப்பதை விட்டாள். சில மாதம் கழித்து, காய்ச்சலில் கிடந்தவளின் கையில் காயங்களைப் பார்த்தாள் அவள் அம்மா. அவளே செய்துகொண்டவை.

மனநல ஆலோசகரிடம் சொன்னாளாம்: "இந்த உடம்பு என்னோடதுன்னே தோணலை மேடம். வலிச்சாதான் நான் இருக்கேன்னு தெரியுது. அதுவும் கொஞ்ச நேரந்தான். அப்புறம் இன்னும் வெறுப்பா இருக்கும்." பிறகு, "எதையெல்லாம் மாத்தணும்னு அப்பாவுக்கே தெரிஞ்சிருக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தம்பி என்னிடம் இரண்டு தடவை சொன்னான்.

சிகிச்சை நீண்டது. காயங்கள் ஆறின. ஆனால் அவன் வீட்டுக்குள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் அவளே எதிரில் வந்து நின்றாள்.

"இப்ப என் மூஞ்சில எதை மாத்துவே?"

"ஒண்ணையும் மாத்த மாட்டேன்டா."

"பொய். உன் தொழிலே அதுதானே."

மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும். வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே கேள்வி வந்துவிடும். அவனும் சளைக்காமல் அதே பதிலைச் சொன்னான். மூன்று வருடம் அப்படியே போனது. பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

"நம்பிட்டாளா, சலிச்சுப் போச்சான்னு தெரியலைக்கா. நீ கேட்டா சொல்வா" என்றான் என்னிடம். சமயம் பார்த்துக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

போன மாதம், வேலை நேரத்தில், நெஞ்சுவலியில் போய்விட்டான்.

நேற்று அவளிடம் கேட்டேன். "நம்பினேன் அத்தை" என்றாள். "எப்பவோ."