பின்சீட்டு விளக்கு

இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் இது எனக்கே நடந்தது. போன வருடம், ஆகஸ்டு மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. என் பெயர் புவனேசன். மலேசியாவில், அசாம் ஜாவா என்கிற ஊரில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கார் ஒயரிங் வேலை பார்க்கிறேன். கடை கிடையாது. மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவேன்.

பேய் பயமெல்லாம் எனக்குக் கிடையாது. அழுக்கு என்றால்தான் ஆகாது. மற்றவர்கள் வண்டிக்குள் என்னவெல்லாம் கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. பாதி தின்ற கோழிக்கால், குழந்தையின் பழைய பம்பர்ஸ், செத்துக் காய்ந்த பல்லி... எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. கையுறை போடாமல் எந்த வண்டியையும் தொடமாட்டேன். கூட்டாளிகள் என்னை 'டாக்டர்' என்று கிண்டல் செய்வார்கள்.

அன்று சாயங்காலம் என் பழைய வாடிக்கைக்காரன் புனிதன் போன் செய்தான்.

"அண்ணே, நம்ம போர்வீலு வண்டி காலையில ஸ்டார்ட் ஆக மாட்டுது. இன்னிக்கே வந்து பாக்க முடியுமா?"

"நாளைக்கி வர்றேன் தம்பி."

"நாளைக்கின்னா உஷா செத்துருவாண்ணே."

அவன் சும்மா சொல்லவில்லை. அவன் மனைவி உஷாராணிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் கோலா சிலாங்கூரில் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். முந்தின நாள் வண்டி கிளம்பாததால் அவள் போகவில்லை. சனிக்கிழமையும் போகாவிட்டால், உடம்பில் தேங்கிய தண்ணீர் நுரையீரலுக்கு ஏறிவிடும் என்று அங்கிருந்த நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அவர்கள் இருப்பது செம்பனைக் காட்டுக்குள் ஒரு பழைய எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில். விடியற்காலையில் வாடகைக் கார் எதுவும் உள்ளே வராது. போன தடவைகளில் ஏற்றிக்கொண்டு போன பக்கத்து வீட்டு லூகாஸ், வேலையாக ஜொகூருக்குப் போயிருந்தான். என்னிடம் இருப்பதோ மோட்டார் சைக்கிள்.

7.15-க்குப் போய்ச் சேர்ந்தேன்.

உஷாராணி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. முகம் ஊதிக் கண் சிறுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

ஹாலில் ஒரு கட்டில். அதன் பக்கத்தில் மாலை போட்ட படமும், படத்துக்கு முன்னால் ஒரு காமாட்சி விளக்கும் இருந்தன. புனிதனின் அப்பா நல்லசாமி இறந்து அன்று பதினோராம் நாள். உயிர் போன இடத்தில் பதினாறாம் நாள் வரை விளக்கு எரிய வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் அந்த விளக்கு அணைந்திருந்தது.

"எண்ணெய் ஊத்தலையாம்மா?"

"இப்பத்தான் அவரு நெறைய ஊத்துனாருண்ணே. காஞ்சிருது. தெனமும் இப்படித்தான்."

எட்டிப் பார்த்தேன். நாக்கால் நக்கி எடுத்த மாதிரி விளக்கு காய்ந்து கிடந்தது. திரி மட்டும் கருகியிருந்தது. எலி குடித்திருக்கும் என்று நினைத்தேன்.

வண்டி லயத்துக்கு எதிரே நின்றது. இருபது வயதான, ஏழு பேர் உட்காரும் பெரிய போர்வீல். புனிதன் அதன் பக்கத்தில் வரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டான்.

"எப்பலேருந்து இப்படி?"

"அப்பா போனதுக்குப் பொறவுதாண்ணே. செவ்வா, வியாழன், சனி மட்டும்தான் சாவுது. ஞாயித்துக்கெழம சாமான் வாங்கப் பாசாருக்குப் போனேன். ஒரே அடில ஸ்டார்ட்டு."

"பேட்டரி?"

"புதுசுலா. திங்கக்கெழமதான் மாத்துனேன். மறுநாளே செத்துருச்சி."

கரண்டுக்குக் கிழமை தெரியுமா? எவனோ எதையோ அணைக்காமல் விட்டிருக்கிறான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

இந்த வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நிறுத்திய வண்டி தூங்க வேண்டும். கதவுகளை மூடி, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரிக்கும் ஒயருக்கும் நடுவில் மீட்டரைக் கோர்த்துக் காத்திருக்க வேண்டும். தூங்குகிற வண்டி 0.03, 0.04 ஆம்பியர் இழுக்கும். அதற்கு மேல் இழுத்தால், உள்ளே ஏதோ ஒன்று விழித்திருக்கிறது என்று அர்த்தம்.

7.58-க்கு மீட்டரைப் பார்த்தேன். 0.84.

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். உள்விளக்குகளின் ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.03-க்கு இறங்கியது. திரும்பச் செருகினேன். 0.84. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். முன்விளக்கும் நடுவிளக்கும் அணைந்திருந்தன. பின்சீட்டுக்கு மேலே இருந்த சின்ன விளக்கு மட்டும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

அப்பாடா, கண்டுபிடித்தாயிற்று என்று நினைத்தேன். ஆனால் ஒன்று உறுத்தியது. அந்தக் குட்டி பல்பு ஒரு புது பேட்டரியை ஒரே ராத்திரியில் காலி செய்ய முடியாது. அதற்கு நாலைந்து நாளாவது ஆகும்.

பின்கதவைத் திறந்தேன்.

வாடை முகத்தில் அறைந்தது. சீட்டுக்குப் பின்னால் கட்டுக் கட்டாகப் பாண்டான் இலை. வாசத்துக்காக வைத்தது, அழுகிக் குழைந்து தண்ணீர் விட்டிருந்தது. அதற்கு அடியில் வேறொரு வாடை. மூத்திரம், வெற்றிலை எச்சில், காய்ந்த சளி, எல்லாம் சேர்ந்த வாடை. சீட்டில் முட்டியை ஊன்றினேன். துணி ஈரமாக இருந்தது. கால்சட்டை வழியாக அந்த ஈரம் மெதுவாகத் தோலுக்கு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என்ன ஜென்மங்களோ, இதில் எப்படித்தான் போய் வருகிறார்களோ என்று எரிச்சலாக வந்தது.

விளக்கின் மூடியைத் திருப்புளியால் நெம்பினேன்.

சொட்டென்று ஏதோ விழுந்தது. என் உதட்டில்.

கொழகொழவென்று, வெதுவெதுப்பாக... துடைப்பதற்குள் கொஞ்சம் வாய்க்குள் போய்விட்டது. வண்டியில் இருக்கிற எல்லா எண்ணெயும் எனக்குத் தெரியும். எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், பிரேக் எண்ணெய் எதுவும் இல்லை. இது நல்லெண்ணெய்.

மூடிக்குள் எண்ணெய் தேங்கி நின்றது. அதில் கரி மிதந்தது. கூடவே நரைத்த முடி இரண்டு.

வெளியே ஓடிப்போய்த் துப்பினேன். துப்பத் துப்ப அந்தச் சுவை போகவில்லை. அடிவயிற்றிலிருந்து வாந்தி வந்தது. எடுத்தேன்.

"என்னாண்ணே?" வாசலிலிருந்து புனிதன் கேட்டான்.

"உள்ள யாராச்சும் வெளக்கு ஏத்துனீங்களா?"

"கார்ல எவன்ணே ஏத்துவான்?"

"ஒங்கப்பா எங்க எறந்தாரு?"

"வீட்டுலதாண்ணே. தூக்கத்துல." பட்டென்று பதில் வந்தது. உஷாராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்படியே கிளம்பியிருப்பேன். அவள் கால்களைப் பார்த்தேன். தோல் மினுமினுவென்று இழுத்துக்கொண்டு, வெடித்துவிடும் போல இருந்தது. விடிவதற்குள் இந்த வண்டி ஓட வேண்டும். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினேன்.

8.20. பல்பைக் கழற்றினேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கதவை மூடும்போதுதான் கண்ணாடியைக் கவனித்தேன். உள்பக்கம் ஒரு வாய்த் தடம். இரண்டு உதடும் அழுந்தி, வெற்றிலைச் சிவப்பும் சளியும் காய்ந்து ஒட்டியிருந்தன. காற்றுக்கு ஏங்கி வாயை வைத்து அழுத்தின மாதிரி. துணியால் அழுத்தித் துடைத்தேன். சுத்தமானது. கதவை மூடினேன்.

மீட்டரைப் பார்த்தேன்.

0.84.

பல்பு என் பையில் இருக்கிறது.

0.84 தான்.

பிறகு ஏறியது. 2.10... 3.60... 5.25... இறங்கியது. 0.84. ஒரு நொடி நின்றது. மறுபடியும் ஏறியது.

இத்தனை வருடத்தில் எந்த மின்சாரமும் இப்படி ஏறி இறங்கிப் பார்த்ததில்லை. மூச்சுதான் இப்படி ஏறி இறங்கும்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கர்ர்ர்... கர்ர்ர்...

தொண்டையில் கோழை கட்டிக்கொண்டு இழுக்கிற சத்தம். வண்டிக்குள்ளிருந்து.

எண் ஏறும்போது இழுத்தது. இறங்கும்போது விட்டது.

நிமிர்ந்து பார்த்தேன்.

பின்சீட்டில் வெளிச்சம். பல்பு இல்லாத இடத்தில் சிவந்த, சின்னச் சுடர். ஆடியது.

நான் துடைத்த கண்ணாடியில்... வாய்த் தடம். ஈரமாக.

7.40... 8.90... 9.70...

'பட்'டென்று மீட்டர் செத்தது.

"மொதல்ல..."

குரல் சளிக்குள்ளிருந்து வந்தது.

"மொதல்ல..."

ஸ்பேனரை எடுத்தேன். கை வழுக்கியது. கையுறை முழுக்க எண்ணெய். மீட்டர் ஒயரையும் மிச்சமிருந்த பேட்டரி ஒயரையும் கழற்றி எறிந்தேன்.

8.41.

வண்டியில் இப்போது பேட்டரி தொடர்பே இல்லை.

வெளிச்சம் இருந்தது.

பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். சார்ஜரை மாட்டினேன். "காலையில கெளம்பும்போது மாட்டுங்க. அதுக்கு முன்னாடி வேணாம். கிட்ட போவாதீங்க" என்றேன். புனிதனுக்கும் அந்த இழுப்புச் சத்தம் கேட்டிருந்தது என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. பெட்டியைப் பாதி மூடியும் மூடாமலும் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மூன்று தடவை பல் தேய்த்தேன். விடிகிற வரை அந்தப் பெண்ணின் கால்தான் கண்ணுக்குள் நின்றது. வண்டி கிளம்பியதா, இல்லையா? போன் செய்யவும் பயமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் உஷாராணியே கூப்பிட்டாள்.

"வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சிண்ணே. லேட்டானாலும் டயாலிசிஸும் முடிஞ்சிருச்சி."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"மாமா வீட்டுல சாவலண்ணே."

நல்லசாமி இறந்த செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு புனிதன் கிளம்பியிருக்கிறான். டயாலிசிஸ் சென்டர் டவுனில், ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம். ஆஸ்பத்திரி பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம்.

"'மொதல்ல என்னெ கொண்டு போடா, மொதல்ல என்னெ'ன்னு பின்னாலேருந்து கேட்டுக்கிட்டே வந்தாருண்ணே. நான்தான் என் நேரம் போயிரும், மொதல்ல என்னெ எறக்கிவிடுங்கன்னேன். காத்துல அவரு வாடை முன்னுக்கு அடிக்குதுன்னு அவரு பக்கத்துக் கண்ணாடிய ஏத்தச் சொன்னதும் நான்தான்."

அவளை இறக்கிவிட்டுப் பாலத்தில் ஏறும்போது நல்லசாமியின் இழுப்புச் சத்தம் நின்றுவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும், உடம்பை அறுப்பார்கள் என்று பயந்து புனிதன் வண்டியைத் திருப்பிவிட்டான். பிணத்தைக் கொண்டுவந்து கட்டிலில் படுக்க வைத்துத் தூக்கத்தில் போய்விட்டார் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

கேட்கக் கேட்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த எண்ணெய் வாய்க்குள் போனபோதுகூட இவ்வளவு இல்லை. அவள் மீதா, புனிதன் மீதா, அந்த மனுசன் வாயை வைத்த கண்ணாடியை மூக்கைச் சுளித்துக்கொண்டு துடைத்த என் மீதா, தெரியவில்லை. போனை வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

"இன்னிக்கிக் காலையில, அண்ணே..." என்றாள்.

வண்டி டவுனுக்கு வந்தது. சென்டரும் வந்தது. புனிதன் நிறுத்தவில்லை. இவள் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள், கத்தியிருக்கிறாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்தைத் தாண்டி நேராக ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் போய் நிறுத்தினான். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

அங்கே வேலை செய்கிற ஒரு மலாய்க்காரப் பையன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தானாம். பின்சீட்டுக்குள் குனிந்தான். இரண்டு கையாலும் எதையோ தாங்கித் தூக்கி, நாற்காலியில் உட்கார வைத்தான். மூச்சு வாங்கினான்.

"'ஒங்கப்பா நல்ல கனம்க்கா'ன்னு மலாய்ல சொல்லிட்டுச் சிரிச்சாண்ணே."

"நாக்காலியில யாரும்மா இருந்தா?"

"யாருமே இல்லண்ணே. ஆனா அவன் ஒரு போர்வைய எடுத்துக் கழுத்து வரைக்கும் போத்திவிட்டான்... போர்வை கீழ படியவே இல்ல."