நான்காம் மாடி முதியவர் பற்றிய ஒரு முறைப்பாடு

கதவைத் தட்டுவதற்கு முன்பே மாஸ்டர் குரல் கொடுத்துவிடுவார். படியேறும்போதே, "பிள்ளை, நான் மாஸ்டர்" என்பார். பிறகுதான் விரல் முட்டியால் இரண்டு தட்டு. தட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய், கதவு நீக்கலால் எட்டிப் பார்ப்பவருக்குத் தன் முழு உருவமும் தெரியும்படி நிற்பார். யுத்தம் நடந்த அந்த வருடங்களில், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தமிழ் வீட்டுக் கதவு தட்டப்பட்டால் உள்ளே இருப்பவர்களின் நெஞ்சு என்ன பாடு படும் என்று அவருக்குத் தெரியும். யாரையும் பயப்படுத்தாமல் கதவு தட்டுவதற்கு அவராகவே கண்டுபிடித்துக்கொண்ட முறை அது.

காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்று மாடிப் பழைய கட்டடம் ஒன்றில் ஆறு குடும்பங்கள் இருந்தோம். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. யாழ்ப்பாணத்திலிருந்து தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து, மேல்மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தேன். நான் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டெழுத்தாளர். தம்பி உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். கீழ்மாடியில் மாஸ்டர், மனைவியோடும் ஒரே மகனோடும் இருந்தார். மாஸ்டர் என்றதும் பள்ளிக்கூட ஆசிரியர் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் ரயில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெற்கே சின்னச் சின்ன நிலையங்களில் முப்பது வருடம் வேலை செய்ததில் அவருடைய சிங்களம் அந்த ஊர்க்காரர்களின் சிங்களமாகவே ஆகியிருந்தது.

தினமும் மாலை ஆறு மணிக்கு அவர் ஆறு வீட்டுக் கதவையும் தட்டுவார். கேள்வி ஒன்றுதான். "எல்லாரும் வந்தாச்சோ?" ஓம் என்றால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கதவுக்குப் போவார். உள்ளே வரமாட்டார், தேத்தண்ணி கேட்கமாட்டார். இல்லை, இன்னும் ஒருவர் வரவில்லை என்றால் மட்டும் நின்று, எங்கே போனவர், எத்தனை மணிக்குப் போனவர், என்ன உடுப்பு என்று விசாரிப்பார்.

எனக்கு அது எரிச்சலாக இருந்தது என்பதை ஒளிக்கப்போவதில்லை. வீட்டில் அப்பாவுக்குக் கணக்கு ஒப்புவித்தது போதாதென்று இங்கேயும் ஒருவரா என்று நினைத்தேன். "இந்த மனிசனுக்கு வேற வேலை இல்லை" என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சில நாட்களில் அவர் தட்டும்போது ரேடியோவைக் குறைத்துவிட்டு, வீட்டில் ஆள் இல்லாததுபோல இருந்திருக்கிறேன். அவர் போகமாட்டார். "லைற் எரியுது பிள்ளை. வந்திட்டியள் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்பார்.

ஒரு சனிக்கிழமை தம்பி பம்பலப்பிட்டியில் வகுப்பு முடிந்து ஒரு மணிக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு மணிக்கு மாஸ்டரின் குரல் படியில் கேட்டது. அது அவர் வருகிற நேரமே இல்லை.

"தம்பி வரேல்லையோ?"

"சிநேகிதப் பெடியளோட நிண்டிருப்பான்" என்றேன்.

"எந்தச் சிநேகிதன்? பேரைச் சொல்லுங்கோ, போய்ப் பாப்பம்."

எனக்குக் கோபம் வந்தது. பதினெட்டு வயதுப் பெடியன் ஒரு மணித்தியாலம் பிந்தினால் ஊரைக் கூட்ட வேண்டுமா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். அவர் இறங்கிப் போனார். கால் மணி நேரத்தில் சாரத்தை மாற்றி, காற்சட்டையும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையுமாகத் திரும்பி வந்தார். "உங்கட அடையாள அட்டையையும் பொலிஸில பதிஞ்ச வீட்டுப் பதிவுத் துண்டையும் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார். அந்தக் குரலில் இருந்த ஏதோவொன்று என்னைச் செருப்பை மாட்ட வைத்தது.

முதலில் போன பொலிஸ் நிலையத்தில் அப்படி யாரும் இல்லை என்றார்கள். இரண்டாவது நிலையத்தில் தம்பி இருந்தான். பஸ் தரிப்பிடத்தில் சோதனை செய்து, வேறு பத்துப் பதினைந்து பேரோடு சேர்த்து ஏற்றியிருந்தார்கள். கொழும்புக்கு எப்போது வந்தாய், எதற்கு வந்தாய் என்று கேட்டதற்கு, பயத்தில் அவன் திகதியை மாற்றிச் சொல்லிவிட்டான். அது போதுமாக இருந்தது.

வாங்குப் பலகையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தோம். அதிகாரி கூப்பிட்டபோது மாஸ்டர் எழுந்து போய் அவர் முன்னால் நின்றார். "மேயா அபே கெதர லமயெக், மாத்தயா" என்றார். எங்கள் வீட்டுப் பிள்ளை, ஐயா என்று அர்த்தம். எனக்கு அப்போது அவ்வளவு சிங்களம்தான் விளங்கியது. மிச்சத்தை, அங்கேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த, என்னைவிடச் சிங்களம் விளங்கும் தம்பிதான் பிறகு சொன்னான். இன்று காலை ஏழு நாற்பதுக்கு வெளிக்கிட்டவன், மண்ணிறக் கோடு போட்ட சட்டை, கையில் இரண்டு கொப்பி. நேற்று வீட்டுக்கு வந்தது ஐந்தே காலுக்கு. முந்தாநாள் மழை, அதனால் ஆறு மணிக்குத்தான் வந்தான். அதற்கு முதல் நாள் காய்ச்சல், வெளியே போகவேயில்லை. இப்படி அந்த வாரம் முழுவதையும் மாஸ்டர் ஒரு துண்டுக் காகிதமும் பார்க்காமல் சொல்லியிருக்கிறார். அதிகாரி சிரித்துவிட்டு, "நீ என்ன, டைம்கீப்பரா?" என்று கேட்டாராம். "இல்லை மாத்தயா, ஸ்டேசன் மாஸ்டர்" என்றாராம் இவர்.

பொழுது படுவதற்குள் தம்பியை விட்டார்கள். அன்றைக்கு விடப்படாதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காகக் கணக்குச் சொல்ல யாரும் வந்திருக்கவில்லை.

தம்பி அடுத்த வருடம் கனடாவுக்குப் போனான். அதற்காக அவன் போன இடம் ஒவ்வொன்றுக்கும் மாஸ்டர் கூடவே வந்தார். கச்சேரி என்கிற அரசாங்கச் செயலகம், கடவுச்சீட்டு அலுவலகம், கடைசியில் விமான நிலைய வாசல்வரை. அதற்குள் எனக்கு மாலை ஆறு மணி என்றால் காது தானாகப் படிப்பக்கம் போகப் பழகியிருந்தது.

காலம் மாறியது, நல்லதற்கும்தான். யுத்தம் முடிந்தது. பழைய கட்டடத்தை இடித்து ஒன்பது மாடி எழுப்பினார்கள். நான்காம் மாடியில் மாஸ்டரின் மகன் ஒரு வீடு வாங்கினான். ஆறாம் மாடியில் நானும் என் கணவரும். எட்டாம் மாடியில் தம்பி ஒன்றை வாங்கி வாடகைக்குக் கொடுத்திருக்கிறான். மாஸ்டரின் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார்கள். எண்பத்தைந்து வயதில் மாஸ்டர் மாலை ஆறு மணிக்கு லிஃப்டில் ஏறி, மேலேயிருந்து தொடங்கி ஒவ்வொரு வீட்டு மணியாக அடித்துக்கொண்டு வந்தார். மணியை அடித்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார்.

கட்டடத்துக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. தண்ணீர் நிற்கும், லிஃப்ட் பழுது, யாரோ வாகனத்தைக் குறுக்கே விட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் அதில் வரும். ஒரு மாலை ஏழாம் மாடிப் பெண் எழுதியிருந்தாள்: "ஃபோர்த் ஃப்ளோர் அங்கிள் திரும்பவும் பெல் அடிக்கிறார். நான் மீட்டிங்கில இருக்கிறன். எங்கட வீட்டில ஆர் வந்தாச்சு, ஆர் வரேல்லை எண்டு இவருக்கு ஏன்? பிரைவசி எண்டு ஒண்டு இருக்குத்தானே."

அதற்குக் கீழே இன்னொருவர் தன் வீட்டுக் கதவுக் கமராவில் பதிவான படத்தைப் போட்டார். வெறுமையான நடைபாதையில், கைகளைக் கட்டிக்கொண்டு, இரண்டடி தள்ளி மாஸ்டர் நிற்கிறார். கமராக் கண்ணாடியில் தலை பெருத்து, கால் சிறுத்துத் தெரிகிறது. "பேய்" என்று ஒருவர் எழுதினார். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. யாரும் பயப்படக்கூடாது என்று ஒரு மனிதன் இரண்டடி தள்ளி நிற்கிறான், அதைப் படமெடுத்துப் பேய் என்கிறார்கள்.

இரண்டு நாளில் முகாமைத்துவக் குழுவின் அறிவித்தல் வந்தது. முன்கூட்டி அறிவிக்காமல் ஏனைய வீடுகளின் அழைப்பு மணியை அழுத்துவதைத் தவிர்க்குமாறு நான்காம் மாடி முதியவரின் குடும்பத்தாரை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். அன்புடனாம்! அதை ஆமோதித்துப் பதினான்கு கட்டைவிரல் குறிகள். நான் பதில் எழுதத் தொடங்கினேன். நான்கு வரி எழுதி அழித்தேன். மறுபடி இரண்டு வரி எழுதி அதையும் அழித்தேன். ஒரே கட்டடத்தில் இருக்க வேண்டியவர்கள், எதற்கு வீண் மனஸ்தாபம் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக என்மேல் எனக்கு இப்போதும் ஆத்திரம் தீரவில்லை.

பிரைவசி என்பதை எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. என்னுடைய உடுப்புப் பெட்டியைச் சோதனைக்கு வந்தவர்கள் என் கண்முன்னால் கட்டிலில் கொட்டி, துப்பாக்கி முனையால் கிளறியதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். அந்தக் காலை முழுவதும் மாஸ்டர் எங்கள் வாசலில் அசையாமல் நின்றார். எங்கள் ஆட்களின் விடுப்புக் கேட்கும், அடுத்த வீட்டுக் கதையைத் துருவும் பழக்கமும் எனக்குத் தெரியும். கலியாணமாகி ஏழு வருடம் பிள்ளையில்லாமல் இருந்தபோது, கோயிலிலும் கடையிலும் என்னை நிறுத்தி, என்ன, ஒன்றுமில்லையோ என்று கேட்ட வாய்களை நான் மறக்கவில்லை. அந்தப் பழக்கம் ஒழிந்தால் நான் சந்தோஷப்படுவேன். ஆனால் இந்த மனிதர் அப்படியொரு கேள்வியை ஒரு நாளும் கேட்டதில்லை. என்னிடம் பிள்ளை உண்டோ, சம்பளம் எவ்வளவு, எந்தப் பகுதி ஆட்கள் என்று முப்பது வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. உயிரோடு வீடு வந்து சேர்ந்தாயா என்பதைத் தவிர அவருக்கு எங்களிடமிருந்து வேறெதுவும் தேவைப்படவில்லை.

கட்டைவிரல் போட்டவர்கள் யார் யார் என்று தட்டிப் பார்த்தேன். பாதிப்பேர் என் பிள்ளை வயதுக்காரர். பன்னிரண்டாவது பெயர் என் தம்பியுடையது.

உடனே அழைத்தேன். அங்கே அவன் வேலைக்குப் போகும் நேரம், காரில் இருந்தான்.

"அக்கா, அதில வாறதெல்லாத்தையும் நான் வாசிக்கிறேல்லை. எல்லாரும் போட்டிருந்தினம், நானும் போட்டன்" என்றான். பிறகு, "எண்டாலும் சும்மா சும்மா ஒருத்தற்ற வீட்டு பெல்லை அடிக்கேலாதுதானே. இங்க எண்டால் பொலிசைக் கூப்பிடுவினம்" என்றான்.

"ஆரெண்டு தெரிஞ்சுதான் சொல்லுறியோ?"

"ஆர்?"

"மாஸ்டர்."

"அவர் இன்னும் இருக்கிறாரோ?" என்றான் தம்பி.

"நாலாம் மாடியிலதான்" என்றேன். "நான் அதை எடுத்துவிடுறன் அக்கா. அவரோட ஒருக்காக் கதைக்கிறன்" என்றான். எடுத்தும்விட்டான். பதினான்கு பதின்மூன்றாகியது. கதைப்பதற்கு இன்றுவரை அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அடுத்த நாள் குழுவின் செயலாளரிடம் போனேன். முப்பது வயதிருக்கும், மரியாதையான பெடியன், கதிரையைத் துடைத்துப் போட்டான். பொலிஸ் நிலைய வாங்கிலிருந்து விமான நிலைய வாசல்வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டான். கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். கவிழ்த்து வைத்த அவன் போன் இரண்டு தடவை அதிர்ந்தும் எடுக்கவில்லை.

"ரியலி சாட், ஆன்ட்டி" என்றான் கடைசியில். "அங்கிளில எங்களுக்கு நல்ல மரியாதை. பர்சனலா எடுக்காதேங்கோ. ஆனா இப்ப அந்தப் பிரச்சினை இல்லைதானே?"

"பிரச்சினை இல்லாட்டி, வந்திட்டியோ எண்டு ஒரு மனிசன் இன்னொரு மனிசனைக் கேக்கப்படாதோ?"

"கேக்கலாம் ஆன்ட்டி. ஒரு மெசேஜ் போட்டுக் கேக்கலாமே."

நான் எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பெடியனில் கெட்ட குணம் எதுவுமில்லை, அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. கெட்டவனாக இருந்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். அவர்கள் பிறந்து வளர்ந்த காலத்தில் கதவுக்கு அப்பால் நிற்பது ஒன்றில் சாப்பாடு கொண்டுவருகிறவன், இல்லையென்றால் தொந்தரவு. அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாமல், அந்த வருடங்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று குழுவில் விவாதித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். கட்டைவிரல் போட்ட தம்பியும், எழுதி எழுதி அழித்த நானும்.

மாஸ்டரின் மகன் அறிவித்தலைத் தகப்பனுக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அன்று முதல் மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு மணி அடிக்கவில்லை. ஒரு வாரம் பொறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்காம் மாடிக்கு இறங்கினேன். மன்னிப்புக் கேட்பதா, முதலில் குழுக்காரர்களைத் திட்டுவதா என்று லிஃப்டுக்குள் யோசித்துக்கொண்டே போனேன்.

மணியை அடித்தேன். நீண்ட நேரம் சத்தமில்லை. பிறகு கதவு, சங்கிலி போட்டபடி, ஒரு சாண் அளவுக்குத் திறந்தது. சாரத்தோடு மாஸ்டர் நின்றார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை மாஸ்டர். சும்மா உங்களைப் பாக்க வந்தனான்."

அவர் முகத்தில் சங்கடம். வீட்டுக்குள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மகனும் மருமகளும் வெளியே போயிருந்தார்கள் போலும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு போன் பண்ணிப்போட்டு வந்திருக்கலாமே, பிள்ளை. இப்ப அப்பிடித்தானே வரவேணுமாம். ஆரும் பாத்தால் குறை நினைப்பினம்."

"நினைக்கட்டும்" என்றேன், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி. அவர் சங்கிலியைக் கழற்றும்வரை நின்று, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.