சுண்ணாம்பு முகப்பும் நாலு மாடியும்

முகப்பைப் பார்வையிட அதிகாரிகள் வந்த காலையில், சிதம்பரம் கடைவீதியில் எங்கள் கடைவரிசைக்கு முன்னால் நின்றவர்கள் கட்டடத்தின் முதலாளி, அப்பா, பக்கத்துக் கடை டெய்லர் மாமா, நான். கடைசிக் கடையில் டீ போட்டுக்கொண்டிருந்தவர் வரவில்லை. அவர் முதலாளியிடம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு முன்பே காலி செய்துவிட்டார். அங்கே எழப்போகிற அடுக்குமாடியில் குடியேறப் போகிறவர்களும் வரவில்லை. அவர்கள் யாரென்றே அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அப்பா விற்றது கயிறு, முறம், சல்லடை, விளக்குமாறு. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முகப்பிலிருந்து தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த மர உத்தரத்தில் இரும்பு வளையங்கள் இருந்தன. சரக்கு முழுக்க அவற்றில்தான் தொங்கும். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் வந்து இறங்குகிற சனம் தூரத்திலிருந்தே முறங்களைப் பார்த்துவிட்டு நேராக வந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. உத்தரத்துக்கு மேலே சுவர் நெடுகச் சுண்ணாம்புச் சாந்தில் செய்த கொடிகளும் கிளிகளும். பாதிக் கிளிகளுக்கு மூக்கு இல்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். டிப்ளமோ முடித்துவிட்டு, கடலூரில் கட்டட வரைபடம் போடும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க நான் வரைந்ததும் அடுக்குமாடிகள்தான். அதனால் முதலாளி கடைகளை இடித்துவிட்டு நாலு மாடி எழுப்பப் போவதாகச் சொன்னபோது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. என் அக்கா இரண்டு பிள்ளைகளோடு சிதம்பரத்திலேயே ஒற்றை அறையில் இருந்தாள். வாடகைக்கு வீடு தேடி அவள் ஏறி இறங்காத தெரு இல்லை. ஊருக்கு வீடு வேண்டும். அப்பாவுக்கு உத்தரம் வேண்டும். இரண்டும் ஒரே மனையில் நிற்கும் என்று நான் நம்பினேன்.

ஒரு வரைபடம் போட்டு எடுத்துப் போனேன். முன்பக்கக் கடைகள் அப்படியே இருக்கும். பின்னால் பாழாய்க் கிடக்கிற கிடங்கு இடத்தில் நாலு மாடி, சந்து வழியாக வாசல். இரண்டு வீடு குறையுமே, அந்த நஷ்டம் யாருடையது என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. பழைய கட்டடங்களைப் பார்வையிடும் குழு ஒன்று இருக்கிறது, காப்பாற்ற வேண்டிய முகப்பு என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் பின்பக்கம் ஒரு மாடி கூடுதலாகக் கட்ட அனுமதி கிடைக்கும் என்று சொன்னேன். எழுதிக் கொடுத்தால் கை வைக்கமாட்டேன், இல்லாவிட்டால் இடிப்பேன் என்றார். நான் போட்டோ எடுத்து விண்ணப்பித்தேன். வருவதாகப் பதில் வந்ததும் அப்பாவுக்குப் போனில் சொன்னேன்.

அவர்கள் வருகிற அன்று கடலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய எனக்குக் கடை அடையாளம் தெரியவில்லை. முகப்பு ரோஸ் கலரில் மின்னியது. உத்தரத்துக்குப் பச்சை எனாமல் பெயின்ட். சுண்ணாம்பின் மேல் சிமென்ட் பிடிக்காது என்று கொத்தனார் சொன்னாராம். செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசியிருந்தார்கள். கிளிகள் சந்துப் பள்ளத்தில் கொட்டிக் கிடந்தன.

“இன்னா மாப்ள, கல்யாண வீடு மாதிரி இல்ல?” என்றார் டெய்லர் மாமா. செலவில் பாதி அவருடையது.

அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். எங்கள் வாசலுக்கு அரசாங்க ஆள் வந்ததெல்லாம் எதையாவது எடுத்துப் போகத்தான். ஒருவர் நம்முடைய அழுக்குச் சுவரை மெச்சுவதற்காக வருவார் என்பது அவருடைய அனுபவத்திலேயே கிடையாது. விருந்தாளி வரும்முன் வெள்ளையடிப்பதுதான் அவர் அறிந்த மரியாதை.

வந்த அதிகாரிகளில் மூத்த அம்மா பொறுமையானவர். சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்.

“இது எப்பங்க பூசினது?”

“போன வாரம்தாம்மா. நீங்க வர்றீங்கன்னுதான்,” என்றார் அப்பா.

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் போட்டோக்களை நீட்டினேன். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும், இருந்ததை முடியாது என்று தணிந்த குரலில் சொன்னார். அப்பாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகும் அப்பா, “அந்தம்மாவுக்குக் கலரு புடிக்கலியாடா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலாளி சொன்ன சொல் மாறவில்லை. மழைக்கு முன்னால் இடித்தார். உத்தரத்தைப் புதுச்சேரியிலிருந்து வந்த மர வியாபாரி வாங்கிப் போனார். பெயின்டைச் சுரண்டிவிட்டு ஏதோ ஓட்டல் முகப்பில் வைப்பார்கள் என்று சொன்னார்கள். டெய்லர் மாமா தையல் மெஷினோடு பெண்ணாடத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா தெருவோரம் சாக்கு விரித்து உட்கார்ந்தார்.

2012-இல் நாலு மாடியும் நின்றது. அக்கா ஒரு வீட்டுக்கு வாடகை கேட்டுப் போய், கட்டுப்படியாகாமல் திரும்பி வந்தாள். பாதி வீடுகளை வெளியூர்க்காரர்கள் வாங்கிப் பூட்டி வைத்திருந்தார்கள். கீழே ஷட்டர் போட்ட கடைகள். பழைய ஆட்களுக்குத்தான் முதல் உரிமை என்று முதலாளி அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். வெளியே எதையும் தொங்கவிடக் கூடாது, மாடியில் இருப்பவர்களுக்குப் பிடிக்காது என்பது ஒன்றே அவருடைய நிபந்தனை.

உள்ளே அடுக்கி வைத்த முறம் யார் கண்ணில் படும் என்று கேட்டேன். வேறு தெருவில் பார்க்கலாம் என்றேன்.

“வேற தெருவுல என்னை யாருக்குடா தெரியும்?”

மேல்பட்டாம்பாக்கத்தில் அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த மனையை விற்றோம். பற்றாததற்கு என் சேமிப்பைப் போட்டோம். ஸ்ரீமுஷ்ணத்து சனம் இப்போது எங்கள் ஷட்டரைத் தாண்டிப் போய்க் கடைவீதிக் கோடியில் பிளாஸ்டிக் முறம் வாங்குகிறது. அந்த ஷட்டர் கடைக்கு முதலாளியிடம் நாங்கள் கொடுத்த முன்பணம் மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.